யாருக்குக் கை தட்டினோம்?



இரவுச் சாப்பாடு முடிந்து வீட்டார் எல்லோரும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கிறோம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பாடுகிறாள். நம் கண்கள் கலங்குகின்றன. கைகள் தாமாகவே தட்டுகின்றன. நல்லதுதான். பிறர் திறமையில் மகிழ்வது நல்ல மனத்தின் அடையாளம். ஆனால் அந்தப் பாட்டு நம் வீடு வந்து சேர எத்தனை பேர் உழைத்தார்கள் என்று என்றாவது எண்ணினோமா? அவர்களுக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா?

விஜய் தொலைக்காட்சியில் 2006-இல் தொடங்கிய சூப்பர் சிங்கர் போன்ற ஒரு பெரிய போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வென்றவருக்கு வீடே பரிசாகக் கிடைத்த ஆண்டுகளும் உண்டு. படப்பிடிப்பு நாளில், பாடகர் வருவதற்கு வெகுநேரம் முன்பே தச்சரும் வர்ணம் பூசுபவரும் மேடையை முடித்திருக்க வேண்டும். விளக்குக்காரர்கள் உயரத்தில் ஏறிக் கனத்த விளக்குகளைக் கட்டுகிறார்கள். ஒலிப்பதிவாளர் ஒவ்வொரு வாத்தியத்தையும் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியே சோதிக்கிறார். வாத்தியக்காரர்கள் ஒவ்வொரு போட்டியாளரின் சுருதிக்கும் ஏற்ப ஒத்திகை பார்க்கிறார்கள். ஒப்பனை அறையில் ஒரு தாய் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துத் தைரியம் சொல்கிறாள். பார்வையாளரை வரிசையாக உட்காரவைத்து, கை தட்டும் நேரத்தைச் சைகை காட்டவும் ஒருவர் உண்டு. நடுவில் ஒரு காமிரா பழுதானால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்து பாடகர் வீடு திரும்பிய பிறகும் மின்கம்பிகளைச் சுருட்டுகிறவர் அங்கேதான் நிற்கிறார். நாம் காண்பதோ ஒரு மணி நேரம் மட்டும்.

"அவர்களுக்குச் சம்பளம் உண்டே, அத்தோடு கணக்குத் தீர்ந்தது" என்று சிலர் சொல்லலாம். வேறு சிலர், "பாவம், அவர்களுக்கும் ஒரு கைதட்டல் கொடுங்கள்" என்பார்கள். இரண்டும் போதா. ஏன் என்று பார்ப்போம்.

2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லியை அடுத்த ஈ.வி.பி. பிலிம் சிட்டியில், நம் பெங்களூர் நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே, 'இந்தியன் 2' படப்பிடிப்புக்காக விளக்குகளைத் தாங்கி நின்ற கிரேன் சாய்ந்து விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் உதவி இயக்குநர். மற்ற இருவரும் திரைக்குப் பின்னே வேலை செய்த உதவியாளர்கள். அது சினிமா, இது பாட்டுப் போட்டி என்று பிரித்துப் பேசுவதில் பயனில்லை. விளக்கின் கனம் இரண்டிலும் ஒன்றுதான். அதன் கீழே நடமாடும் மனிதனின் உயிரும் ஒன்றுதான். அவர்களுக்கு வேண்டியிருந்தது கைதட்டல் அல்ல, சாயாத கிரேன்.

இது நம் வட்டாரத்துக்குப் புதிய பாடமா? அதே 2006-இல்தான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை கைபேசி செய்யத் தொடங்கியது. 2014 நவம்பரில் நின்றும் போயிற்று. அந்நாளில் இத்தகைய போட்டிகளுக்கு நேயர்கள் குறுஞ்செய்தியில் வாக்களித்தார்கள். அந்தக் கைபேசிகளில் எத்தனை நம் பெண்கள் கோத்தவையோ! வாக்கு யாருக்கு என்று ஊரெல்லாம் பேசிற்று; கைபேசி யார் செய்தது என்று எவரும் கேட்கவில்லை. 2021 டிசம்பரில், இங்குள்ள வேறொரு கைபேசித் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர் விடுதியில் கெட்ட உணவால் இருநூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். தோழிகள் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் உண்ட சோற்றையும் படுத்த இடத்தையும் நாடு திரும்பிப் பார்த்தது.

ஆகவே, மறைவில் உழைப்பவனுக்கு நாம் பட்ட கடன் புகழ் அல்ல, நியாயம். புகழ் பாடியவளுக்கே உரியது. அதில் பங்கு கேட்டு அவன் வரவில்லை. அவன் கேட்பது உரிய கூலி, பத்திரமான இடம், வேளைக்குச் சோறு, இரவில் உறக்கம். இவற்றைக் கொடுக்காமல் நன்றி மட்டும் சொல்வது மலிவான தர்மம். கொடுக்க வேண்டியவர்கள் முதலாளிகள்தாம். ஆனாலும் கேட்க வேண்டியவர்களில் நாமும் உண்டு. ஏனெனில் அந்த உழைப்பின் இன்பத்தை அனுபவிப்பவர்கள் நாமே.

தூரத்தில் இருப்பவர்களுக்கு உடனே எதுவும் செய்ய முடியவில்லை என்கிறீர்களா? அருகிலிருந்து தொடங்குங்கள். நம் கோயில் திருவிழாவில் பிள்ளைகள் பாடுவார்கள்; நாமும் கை தட்டுவோம். அன்று காலை முதல் ஏணியில் நின்று ஒலிபெருக்கி கட்டியவர் சாப்பிட்டாரா? ஏணியைப் பிடிக்க ஆள் இருந்ததா? பேசிய கூலியை அன்றே கையில் கொடுத்தோமா?

இந்த ஞாயிறு இரவு பாட்டு முடிந்ததும் உங்கள் பிள்ளைகளை ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போது அங்கே விளக்கை இறக்குகிறவர் எத்தனை மணிக்கு வீடு போவார்?" பதில் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. கேட்கப் பழகிய பிள்ளை, நாளை ஒரு மேற்பார்வையாளராகவோ முதலாளியாகவோ உயரும்போது அதை மறக்க மாட்டான்.