துரு போகட்டும், தழும்பு இருக்கட்டும்

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், உக்குவளையைச் சேர்ந்த ஒரு வயதான தாய் என்னிடம் வந்தார். கூட வந்த பேத்தி கைத்தொலைபேசியில் சில படங்களைக் காட்டினாள். கனடாவில் வாழும் மகன் அனுப்பியவை. எல்லாம் ஒரே பழைய ரஷ்யத் துப்பாக்கியின் படங்கள். முதற் படத்தில் அது துருவேறிக் கறுத்த பசை அப்பிக் கிடந்தது. கடைசிப் படத்தில் எண்ணெய் பூசி மினுங்கியது.

“சுவாமி, உயிர் எடுக்கிற சாமானை மினுக்கி வீட்டில் வைக்கிறது பாவமில்லையா?” என்று அந்தத் தாய் கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவருக்கு 1983 ஜூலை நினைவிருக்கிறது. கைக்குழந்தையாயிருந்த இதே மகனை மார்போடு அணைத்துக்கொண்டு, அயலிலிருந்த சிங்களக் குடும்பத்தின் கொக்கோத் தோட்டத்தில் இரண்டு இரவுகள் ஒளிந்திருந்தவர் அவர். மகனுக்கு அது நினைவில்லை. துப்பாக்கியில் தாய் காண்பது வேறு, மகன் காண்பது வேறு. வாசகரே, இருவரில் யார் பார்வை சரியானது?

முதலில் மகனின் கண்ணால் பார்ப்போம். அந்நாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்றே அவர் அதை வாங்கியிருக்கிறார். ரஷ்யப் படைக்கென 1891இல் ஏற்கப்பட்ட ரைபிள் வகை அது. ரஷ்யக் கப்டன் சேர்கேய் மோசின், பெல்ஜியரான லியோன் நகான்ட் ஆகிய இருவரின் பெயரால் அது வழங்குகிறது. அங்குலத்தில் பத்திலொரு பங்கை அந்நாளில் ரஷ்யர் ஒரு கோடு என்று அளந்தனர். குழலின் விட்டம் மூன்று கோடு, அதாவது 7.62 மில்லிமீற்றர். ஆகவே படைவீரர் அதனை ‘மூன்று கோட்டுத் துப்பாக்கி’ என்றனர். தூலா, இஷெவ்ஸ்க் முதலிய ஊர்களின் தொழிற்சாலைகளில் மூன்று கோடிக்கு மேல் செய்யப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். இரண்டு உலக யுத்தங்களைக் கண்டு, பின்னர் பசை பூசப்பட்டுக் களஞ்சியங்களில் கிடந்தவற்றுள் ஏராளமானவை, 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் வெளிநாட்டுச் சந்தைகளில் மலிவாக விற்கப்பட்டன.

அதைப் புதுப்பிப்பது பொறுமை கேட்கும் வேலை. பசையைச் சூடுகாட்டி இளக்கித் துடைக்க வேண்டும். மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்ல ஊட்ட வேண்டும். குழலுக்குள்தான் உண்மையான சங்கடம். பழைய தோட்டாக்களின் பற்றுமருந்து எரிந்தபின் ஒருவகை உப்பு உள்ளே தங்கிவிடும். அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெய்க்கு அந்த உப்புக் கரையாது, சுடுநீர் ஊற்றிக் கழுவினால்தான் போகும். இத்தனையும் கற்று, கைகளால் உழைத்து, பாழான ஒன்றை மீட்டெடுத்த மகனின் மகிழ்ச்சியை நாம் இகழ முடியாது.

இனித் தாயின் கண்ணால் பார்ப்போம். “இரும்பு என்ன செய்யும்? குற்றம் மனிதனிடத்தில்தானே?” என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். தேயிலை மலையின் கவ்வாத்துக் கத்தியும் இரும்புதான். அதனாலும் கொலை நடந்ததுண்டு. ஆனால் கவ்வாத்துக் கத்தி செடி வெட்டப் பிறந்தது. படைத் துப்பாக்கி மனிதனைச் சுடுவதற்கென்றே பிறந்தது. இந்த வேற்றுமையை மறைப்பது நேர்மையாகாது.

அதற்காக, “எல்லாவற்றையும் உருக்கிவிடு” என்பதும் முழு உண்மையாகாது. 1942இல் ஸ்டாலின்கிராட் நகரில் ஹிட்லரின் படையை எதிர்த்து நின்றவர்களின் கையில் இருந்ததும் இந்த ரைபிள்தான். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1939 நவம்பரில், சிறிய பின்லாந்து நாட்டின்மேல் படையெடுத்துச் சென்றவர்களும் இதையே ஏந்தினார்கள். 1917 வரை சார் மன்னரின் ஆட்சிக்குள் இருந்த பின்லாந்தினரும் இதே வகைத் துப்பாக்கியாலேயே தங்கள் நாட்டைக் காக்கப் போராடினார்கள். சுட்டவன் கையிலும் அதுவே, சுடப்பட்டவன் கையிலும் அதுவே. துப்பாக்கிக்குத் தன் எசமான் யாரென்று தெரியாது.

இந்தக் கேள்வி துப்பாக்கி செய்தவரையே கடைசியில் வாட்டியது. 1947இன் பெயர்பெற்ற துப்பாக்கியை உருவாக்கிய மிகைல் கலாஷ்னிகோவ், தொண்ணூறு வயது கடந்தபின், 2012இல் ரஷ்ய மரபுவழித் திருச்சபையின் தலைவர் கிரிலுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் அமைத்த ஆயுதத்தால் மாண்டவர்களின் சாவுக்குத் தாமும் பொறுப்பாளியோ என்று அதில் கேட்டிருந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். 2014 ஜனவரியில் கடிதம் வெளியாயிற்று. நாட்டைக் காக்கப் பயன்படும் ஆயுதத்தைச் செய்தவரைத் திருச்சபை ஆதரிக்கிறது என்று அத்திருச்சபையின் சார்பில் விளக்கம் தரப்பட்டது. விளக்கம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த முதியவர் கேள்வி கேட்டாரே, அதுதான் பெரிது. அவருடைய துப்பாக்கியின் சீன வடிவமான ரி-56ஐ நம் நாட்டின் நீண்ட யுத்தத்தில் இரு தரப்பாரும் ஏந்தினார்கள். நம்மில் எத்தனை பேர் அப்படிக் கேட்டோம்?

நிற்க. மகனின் கடைசிப் படத்துக்கு வருகிறேன். துப்பாக்கியின் மரப்பிடியில் யாரோ ஒரு படைவீரன் கத்தியால் இரண்டு ரஷ்ய எழுத்துக்களைச் செதுக்கியிருக்கிறான். அதன்கீழ் வரிசையாக ஏழு வெட்டுக்கள். ஏழு நாட்களா, இழந்த ஏழு தோழர்களா, கொன்ற ஏழு மனிதர்களா? யாராலும் சொல்ல முடியாது. “அரத்தாளால் தேய்த்துவிட்டால் மரம் வழுவழுப்பாகும், தேய்க்கட்டுமா அம்மா?” என்று மகன் எழுதியிருந்தார்.

நல்ல சேகரிப்பாளர்கள் அப்படித் தேய்க்க மாட்டார்கள். துருவைப் போக்குவார்கள், காலம் இட்ட வடுவை விட்டுவைப்பார்கள். அது தொழில் விதி. அதுவே மனச்சாட்சியின் விதியும் ஆகும் என்பது என் தாழ்மையான கருத்து. ஆயுதத்தைச் சாட்சியாக வைத்திருப்பவன் வேறு. அலங்காரமாக வைத்திருப்பவன் வேறு. முன்னவன் அதைத் தொடும்போது இறந்தவர்களை எண்ணுகிறான். பின்னவன் தன்னையே எண்ணுகிறான். இரும்பும் மரமும் இருவரிடத்திலும் ஒன்றே.

மாத்தளை மண்ணுக்கு இது விளங்கும். 1848 கலகத்தின் தலைவருள் ஒருவரான வீர புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று நீட்டப்பட்ட துப்பாக்கிகளில் ஒன்று இன்று கிடைத்தால், வடுவை அழித்து மினுக்கி வரவேற்பறையில் மாட்டுவோமா? மாட்டோம். அது யாரை நோக்கி நீட்டப்பட்டது என்பது நமக்குத் தெரியும். பெயர் தெரியாத ஏழு வெட்டுக்களுக்கும் அதே மரியாதை உரியதல்லவா?

வாளைக் கலப்பைக் கொழுவாக அடிப்பது பற்றி இறைவாக்கினர் எசாயா கண்ட காட்சியை, சோவியத் அரசு வெண்கலச் சிலையாக்கி 1959இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு அன்பளித்தது. அதே ஆண்டுகளில் அதே நாட்டின் தொழிற்சாலைகளில் துப்பாக்கிகளும் பிறந்துகொண்டேயிருந்தன. மேலே எண்ணெய், உள்ளே உப்பு.

இவ்வளவையும் சுருக்கமாகச் சொல்லி, அந்தத் தாயிடம் நான் ஒன்று கேட்டேன்.

“அம்மா, கொக்கோத் தோட்டத்தில் ஒளிந்திருந்த அந்த இரண்டு இரவுகளைப் பற்றி மகனிடம் எப்போதாவது சொன்னீர்களா?”

“இல்லை சுவாமி. ஏன் அவன் மனதைக் கெடுப்பான் என்று விட்டுவிட்டேன்.”

“உங்கள் மகன் துப்பாக்கியை விரும்புவது பற்றிக் கவலைப்படுகிறீர்கள். துப்பாக்கிக்கு அஞ்சி நீங்கள் இருந்த கதை அவருக்குத் தெரியாதே!”

அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். கண் கலங்கியது. பேத்தியின் கையிலிருந்த தொலைபேசியை வாங்கி, அந்த ஏழு வெட்டுக்களையும் மறுபடி பார்த்தார்.

“அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லுகிறேன் சுவாமி,” என்றார். “மற்றதையும் இன்று இரவே சொல்லுகிறேன்.”