நோயுற்றாரைப் பேணுதலும் இல்லத்தாரின் அச்சமும்

நோயுற்றோர்க்குத் தொண்டு செய்தலை வையாவிருத்தியம் என்று பெயரிட்டு, அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக வைத்தனர் நம் ஆன்றோர். துறவியர்க்குச் செய்யும் தொண்டினையே அச்சொல் முதற்கண் குறிக்குமெனினும், இல்லறத்தார் அதனைப் பிற உயிர்கட்கும் விரித்துக் கொள்வதில் பிழையில்லை. ஆனால் அத்தொண்டே பிறிதோர் உயிருக்கு இடராகுமாயின் என் செய்வது? இவ்வினாவை நான் நூலில் சந்திக்கவில்லை. திருப்பூரில் எங்கள் தெருவில் சந்தித்தேன்.

எதிர்வீட்டு மருமகள் செவிலியர் பயிற்சி பெற்றவர். இரண்டாம் குழந்தை பிறந்தபின் அப்பணியை விட்டு, பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்த்து வந்தார். 2021 மே மாதம் கொரோனாவின் இரண்டாம் அலை கொங்கு மாவட்டங்களைச் சூழ்ந்தது. அம்மாத இறுதியில், நாள்தோறும் பதிவாகும் தொற்றில் கோவை சென்னையையே விஞ்சியது. மருத்துவமனைகளில் படுக்கையும் போதவில்லை, ஆளும் போதவில்லை. முன்னர் உடன் பணியாற்றிய தோழி ஒருவர் அழைக்கவே, ஒப்பந்த முறையில் மீண்டும் பணியேற்க அப்பெண் முடிவு செய்தார்.

"ஏங்கண்ணு, ஊரே கதவச் சாத்தீட்டு உக்காந்திருக்குது. நீ மட்டும் எதுக்குப் போகோணும்?" என்று மாமியார் கேட்டது என் செவியிலும் விழுந்தது. அவ்வம்மையாருக்கு வயது 68, நீரிழிவும் உண்டு.

மருமகள் கைக்கொண்ட கட்டுப்பாடுகள் சிறியவையல்ல. 2020 முதல் நம்மூர்த் தையற்கூடங்களும் தைத்த முழுக்கவச உடையை அணிந்தால் ஆறு மணி நேரம் நீர் அருந்த இயலாது. வீடு திரும்பினால் பின்வாசல் வழியே நுழைந்து, உடையை வெந்நீரில் ஊறவைத்து, குளித்து, மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் தனியே உறங்குவார். இளைய மகன் படிக்கட்டின் கீழ் நின்று அழைப்பான். அவர் மேலிருந்தே விடை கூறுவார்.

பன்னிரண்டாம் நாள் மாமியாருக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து நாள் ஆக்சிஜன் வைக்க நேர்ந்தது, பிழைத்தார். அதற்குச் சில நாள் முன்னர், அரசு வழங்கிய 2,000 ரூபாய் நிவாரணத் தொகைக்காக ரேஷன் கடை வரிசையிலும் அவர் நின்றிருந்தார். தொற்று எவ்வழி வந்ததென்று எவர் அறிவார்?

பின்னொரு நாள் அப்பெண்ணுக்கு ஆறுதல் சொல்ல முயன்றேன். விழிப்பின்மையால் நேரும் தீங்கே இம்சை. நீ விழிப்போடிருந்தாய், உன்மேல் குற்றமில்லை என்றேன். அவர் சொன்னார்: "அத்தை பொழச்சு வந்துட்டாங்க, அதனால இப்படிச் சொல்றீங்கய்யா. அவங்க போயிருந்தா இதே வார்த்தையச் சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருக்க வேண்டும், எண்ணமும் விழிப்பும் இரு நிலையிலும் ஒன்றே அல்லவா? ஆயினும் சொல்லியிருப்பேனா என்று பன்முறை எண்ணிப் பார்த்தேன், உறுதி பிறக்கவில்லை. தெரு முழுதும் அவரைப் பழித்திருக்கும். நானும் வாய்மூடி இருந்திருப்பேன். வினைக்கு எண்ணமே அடிப்படை என்று வாயால் கூறும் நாம், விளைவைக் கண்டபின்னரே தீர்ப்பு எழுதுகிறோம் போலும்.

மற்றொன்றும் உண்டு. எவ்வளவு விழிப்போடிருப்பினும், பிறர் உயிர்க்கு வரும் இடரை அவர் இசைவின்றி நாம் ஏற்கலாமா? அம்மையாரை அவிநாசியில் உள்ள மகள் வீட்டிற்கு அனுப்பியிருக்கலாமே என்று கேட்டேன். "கூப்பிட்டேனுங்க. இங்கேயே இருக்கறேன்னுட்டாங்க" என்றார். ஆக, முதியவரும் தாமே முடிவெடுத்திருக்கிறார். அதை நான் எண்ணவே இல்லை. இதே வேளையில், கணவர்க்கு டயாலிசிஸ் நடந்து வந்தமையால் பணிக்குத் திரும்பாத செவிலியர் ஒருவரையும் அறிவேன். அவரைக் குறைகூற என் நா எழாது. விரதங்களை ஆற்றலுக்கேற்பவே ஏற்குமாறு வகுத்தவர்கள் நம் முன்னோர்.

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். அந்நாள்களில் அவ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட வேண்டாம் என்று என் பேரனைத் தடுத்தேன். அஞ்சியது தவறன்று. ஆயின், நான் நோயில் விழுந்தால் அப்பெண்ணே என் படுக்கையருகில் நிற்க வேண்டும் என்றும் அதே மனம் எதிர்பார்த்தது. 2020 மார்ச் 22 மாலை வாசலில் நின்று கைதட்டியவர்களுள் நானும் ஒருவன். கொரோனாக் காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்த 2,000-க்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 டிசம்பர் 31-இல் முடிவுக்கு வந்து, அவர்கள் போராடியபோது, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கச் சென்றேன்.

அம்மையார் இன்று நலமாக இருக்கிறார். நோய் எவரால் வந்தது என்று மருமகளிடம் ஒருமுறையும் அவர் கேட்டதில்லையாம். கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்கிறார் மருமகள்.