ஒரு நேரத்தில் ஒரு வேலை

சென்னை மந்தைவெளியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு பென்டியம் கணினி இருக்கிறது. 133 மெகாஹெர்ட்ஸ் வேகம், 32 எம்.பி. நினைவகம். கைபேசியில் எடுத்த பத்துப் படங்கள் அந்த நினைவகத்தை நிரப்பிவிடும். காலையில் பால் வந்த பிறகு, தெருவில் ஆட்டோ சத்தம் கூடுவதற்கு முன், அதைப் போடுவேன். நினைவகத்தை எண்ணி முடிக்கும். ஃபிளாப்பி டிரைவ் ஒரு முறை கரகரக்கும். கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நிற்கும். அதோடு சரி. நான் ஏதாவது சொல்லும் வரை அது காத்திருக்கும். புதுப்பிக்கச் சொல்லாது, கடவுச்சொல் கேட்காது, யாரோ எதையோ அனுப்பியிருக்கிறார்கள் என்று மணி அடிக்காது.

அதில் ஓடுவது ஃப்ரீடாஸ். எம்.எஸ்.-டாஸுக்காக எழுதப்பட்ட புரோகிராம்களை அப்படியே ஓட்டக்கூடிய, விலையில்லாத ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் அதில் ஓடும். இதைக் குறை என்று கருதித்தான் உலகம் அதைத் தாண்டிப் போனது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. எழுத உட்கார்ந்தால் எழுதுவது மட்டும்தான். கணக்குப் பார்க்க வேண்டுமென்றால் எழுதியதைச் சேமித்து, மூடி, வெளியே வந்து, பிறகுதான் கணக்கு.

*

1994-ல் ஜிம் ஹால் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடக் கணக்குகளை டாஸில் போட்டுப் பழகியவர். எம்.எஸ்.-டாஸின் காலம் முடிகிறது, இனி எல்லாரும் விண்டோஸுக்கு மாற வேண்டியதுதான் என்ற பேச்சு அப்போது வந்தது. அந்த ஆண்டு ஜூன் 29 அன்று, நாமே ஒரு டாஸை எழுதிக்கொள்வோம் என்று அவர் அறிவித்தார். முகம் தெரியாதவர்கள் கை கொடுத்தார்கள். சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலை, தான் முன்பே எழுதி வைத்திருந்ததை, பாட் வில்லானி தந்தார். கட்டளைகளை வாங்கிச் செயல்படுத்தும் பகுதியை டிம் நார்மன் எழுதினார். எடிட்டர், ஃபார்மட், டிஸ்க்கைச் சோதிப்பது என்று ஒவ்வொரு சின்னக் கருவியையும் ஒவ்வொருவர் எடுத்துக்கொண்டார்கள்.

1.0 என்ற எண்ணை அவர்கள் போட்டது 2006 செப்டம்பரில். பன்னிரண்டு ஆண்டுகள்! அதற்குள் விண்டோஸ் 95 வந்து, 98 வந்து, எக்ஸ்பி வந்து, அதுவும் பழசாகத் தொடங்கியிருந்தது. இவர்கள் அவசரப்படவில்லை. வில்லானி 2011-ல் காலமானார். அவர் தந்த கெர்னலிலிருந்து வளர்ந்ததுதான் இன்றும் அடியில் ஓடுகிறது. 1.4 வெளிவந்தது 2025 ஏப்ரலில்.

விற்பவர் கைவிட்ட ஒரு பொருளை, லாபம் எதுவும் இல்லாமல், முப்பது ஆண்டுகளாக ஒரு கூட்டம் பராமரித்து வருகிறது. அந்தப் பொறுமையை நினைத்தபடி சில காலைகளில் எதுவும் டைப் செய்யாமல் உட்கார்ந்திருப்பேன்.

*

தொண்ணூறுகளில் மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்கள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் சென்டர்களாயின. வாசல் போர்டில் நான்கு பெயர்கள் தவறாமல் இருக்கும்: டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏசி அறை. ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். காலையில் லோயர் கிரேடு தட்டச்சு, மாலையில் டைரக்டரிக்குள் டைரக்டரி போடுவது. அங்கே படித்துவிட்டு வந்த பிள்ளைகள்தான் பிறகு தி.நகர் கடைகளுக்கும் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் சீட்டுக் கம்பெனிகளுக்கும் ஃபாக்ஸ்ப்ரோவில் புரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள். பில் போடுவது, இருப்பு பார்ப்பது, வட்டி கணக்கிடுவது, சபா உறுப்பினர்களுக்கு முகவரிச் சீட்டு அச்சிடுவது.

அந்தப் புரோகிராம்களைப் பற்றி யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதியவர்களின் பெயர், திறந்ததும் வரும் நீலத் திரையின் அடியில் ஒரு பழைய ஏழு இலக்கத் தொலைபேசி எண்ணோடு இருக்கும். இந்த நகரத்தின் வணிகம் இருபது ஆண்டு அவற்றின் மேல் நடந்தது. அவர்களுக்கு இந்த நகரம் கடன்பட்டிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

*

கபாலீசுவரர் கோயில் மாட வீதியை ஒட்டிய சந்தில் ஜாதகம் கணிக்கும் மாமா ஒருவர் இருக்கிறார். அவரிடம் டர்போ பாஸ்கலில் எழுதப்பட்ட புரோகிராம் ஒன்று உண்டு. பிறந்த நாள், நேரம், ஊர் கொடுத்தால் எந்தப் பஞ்சாங்க முறை, வாக்கியமா திருக்கணிதமா என்று கேட்கும். ராசிக் கட்டம், நவாம்சம், தசா புத்தி இருப்பு எல்லாம் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் வரும். பிரின்டருக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாகப் பிரித்து புரோகிராமே அனுப்புகிறது. எழுதிக் கொடுத்த நண்பர் காலமாகி நாளாயிற்று. மூல நிரல் யாரிடமும் இல்லை.

மாமாவின் பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க் போனபோது, பையன் தன் பென்டியம் 4-ஐக் கொண்டுவந்து வைத்தான். ஃபிளாப்பியிலிருந்து புரோகிராமை ஏற்றினால், திறக்கும் முன்பே ‘ரன்டைம் எரர் 200’ என்று சொல்லி நின்றுவிட்டது. பூஜ்ஜியத்தால் வகுக்கும் பிழை என்று அதற்கு அர்த்தம். ஆனால் அங்கே பூஜ்ஜியம் எதுவும் இல்லை.

நடந்தது இதுதான். பழைய பி.சி.யின் கடிகாரம் நொடிக்கு ஏறக்குறைய 18.2 முறை துடிக்கும். ஒரு துடிப்புக்கு 55 மில்லி விநாடி. டர்போ பாஸ்கலில் எழுதிய பல புரோகிராம்கள் தொடங்கியவுடன், ஒரு துடிப்புக்குள் இந்த இயந்திரம் ஒரு சின்ன வளையத்தை எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். பின்னால் எங்காவது ஒரு நொடி பொறுக்க வேண்டியிருந்தால் அந்த விடையைக் கொண்டு நேரத்தை அளக்கும். விடைக்கு ஒதுக்கிய இடம் 16 பிட். 65,535-க்கு மேல் அதில் கொள்ளாது. பென்டியம் 2 காலத்து வேகம் வந்ததும் விடை அந்த எல்லையைத் தாண்டியது. பிராசஸருக்கு, விடை இடத்தில் அடங்காததும் பூஜ்ஜியத்தால் வகுப்பதும் ஒரே பிழைதான். பொறுமையாக இருக்கக் கற்றுக்கொள்ளும் இடத்திலேயே, வேகம் அதிகமானதால் புரோகிராம் இறந்துபோகிறது.

இதற்குத் திருத்துகருவிகள் உண்டு. மாமாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. “எனக்கு வேகம் எதுக்குடா? கணக்கு சரியா வந்தாப் போதும்” என்றார். பழைய கணினியையே எடுத்துவைத்தோம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சின்ன காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையை அடாப்டரில் பொருத்தினோம். எம்.எஸ்.-டாஸ் ஃபிளாப்பிகள் பூஞ்சை பிடித்துப் படிக்க முடியாமல் கிடந்தன. ஃப்ரீடாஸை ஏற்றினேன். ஜாதகப் புரோகிராமுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அன்று முதல் அச்சு வந்ததும் மாமா தன் பஞ்சாங்கத்தைப் பிரித்து, சந்திரன் நின்ற பாகையைச் சரிபார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

*

டாஸில் தமிழ் எளிதாக வரவில்லை. திரை 80 எழுத்து அகலம், 25 வரி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவு கட்டம். ‘ர’வும் ‘ணை’யும் அதே கட்டத்துக்குள் நிற்க வேண்டும் என்றால் எப்படி? எண்பதுகளிலேயே சிலர் அதோடு போராடினார்கள். கனடாவிலிருந்து சீனிவாசன் ‘ஆதமி’யைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’வைத் தொடங்கினார். புனேயின் சி-டாக் நிறுவனம் ‘ஜிஸ்ட்’ என்ற அட்டையைத் தந்தது. அதைக் கணினிக்குள் செருகினால், டாஸ் புரோகிராம் எதையும் மாற்றாமலே இந்திய மொழிகள் திரையில் வரும். அதன் வேர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் நடந்த ஆய்வு.

அட்டை பழுதானால் தமிழும் போய்விடும். ஃபைல் இருக்கும், எழுத்து இருக்காது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் அரசின் தர அளவு வந்தது. பின்னர் யூனிகோடு எல்லாவற்றையும் ஒன்றாக்கியது. அதற்கு முந்தைய ஃபைல்கள் எத்தனை வீடுகளில், எத்தனை அச்சகங்களில் ஊமையாகக் கிடக்கின்றன என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

*

சென்னை வெயில் பழைய கணினிக்கு ஆகாது. டாஸுக்கு ஓய்வெடுக்கத் தெரியாது. சும்மா காத்திருக்கும்போதும் விசை தட்டப்பட்டதா, தட்டப்பட்டதா என்று பிராசஸர் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃப்ரீடாஸில் எஃப்.டி.ஏ.பி.எம். என்று ஒரு சின்ன கருவி உண்டு. அதை ஏற்றிவிட்டால், வேலை இல்லாதபோது பிராசஸரைத் தூங்க வைக்கும். சித்திரை மாதத்தில் கேபினெட்டைத் தொட்டுப் பார்த்தாலே வேறுபாடு தெரிகிறது.

பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் உப்புக் காற்று. நினைவக அட்டையின் பொன்னிறப் பற்கள் மங்கிவிடும். கழற்றி, பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மறுபடி பொருத்தினால், செத்துவிட்டதாக நினைத்த கணினி எழுந்துவிடுவதுண்டு.

பேட்டரி தீர்ந்தால் தேதி 1980 ஜனவரி 1-க்குப் போய்விடும். டாஸுக்குக் காலம் தொடங்குவது அன்றுதான். ஃபைலின் தேதியில் ஆண்டுக்கு அது ஒதுக்கியிருப்பது 7 பிட், அதாவது 128 ஆண்டுகள். 2107 வரை தாங்கும். 32 பிட்டில் நேரத்தை எண்ணும் பழைய யூனிக்ஸ் கணக்கு 2038-லேயே முடிந்துவிடுகிறது. அந்த வகையில் நம் வீட்டு டாஸுக்கு ஆயுள் கெட்டி.

*

ரிச்சி தெருவில் புது லேப்டாப் கேட்டால், “டாஸ் மாடல் வேணுமா, விண்டோஸோட வேணுமா சார்?” என்ற கேள்வி பல ஆண்டுகள் காதில் விழுந்தது. டாஸ் மாடல் என்றால் பெரும்பாலும் ஃப்ரீடாஸ்தான். விண்டோஸ் உரிமத்துக்குப் பணம் கொடுக்காமல் விலையைக் குறைக்க, கம்பெனிகள் அதைப் போட்டு அனுப்பின. வாங்கியவர்கள் அன்று மாலையே அதை அழித்துவிட்டு வேறு எதையோ ஏற்றினார்கள். ஃப்ரீடாஸ் இவ்வளவு கைகளுக்கு வந்ததும் இவ்வளவு கவனிக்கப்படாமல் போனதும் இந்த வழியில்தான். ஒரு முறையாவது அதற்குள் போய்ப் பாருங்கள் என்று யாராவது சொல்லியிருக்கலாம். பத்து வயதுக் குழந்தைக்கு ஒரு கணினி எப்படி விழிக்கிறது, எதை முதலில் படிக்கிறது, எங்கே எழுதுகிறது என்று முழுதாகக் காட்டக்கூடிய சிஸ்டம் இதைவிட நல்லது வேறில்லை. அது திறக்கும்போது படிக்கும் இரண்டு ஃபைல்களையும் குழந்தையே எடிட்டரில் திறந்து மாற்றலாம்.

இனி அந்த வாய்ப்பும் குறையும். ஃப்ரீடாஸ், கணினியை முதலில் எழுப்பும் பழைய பயாஸை நம்பி எழுகிறது. இப்போது வரும் பல கணினிகளில் அது எடுக்கப்பட்டு, அதன் இடத்தில் வந்த யு.இ.எஃப்.ஐ. மட்டுமே இருக்கிறது. புதிய 64 பிட் விண்டோஸ் டாஸ் புரோகிராம்களை நேரடியாக ஓட்டாது. டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டர்கள் கைகொடுக்கும். ஆனால் டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது, கடைக் கணக்கை அதில் முழுதாக நம்பி விட எனக்குத் தயக்கம். அதனால் பழைய இரும்பும் வேண்டும், ஃப்ரீடாஸும் வேண்டும்.

*

ஃபாக்ஸ்ப்ரோவும் டிபேஸும் தரவைச் சேமிப்பது டி.பி.எஃப். ஃபைலில். அதன் அமைப்பு எளிமையானது. தலைப்பகுதியில் புலங்களின் பெயரும் அகலமும்; அதன் கீழே வரிசையாகப் பதிவுகள், படிக்கக்கூடிய எழுத்துகளாகவே. தேதியை நான்கு இலக்க ஆண்டோடு எட்டு எழுத்தாக எழுதிவைக்கும். லிப்ரே ஆபீஸில் அந்த ஃபைலை நேரடியாகத் திறக்கலாம். மாம்பலத்தில் மூடிப்போன ஒரு மருந்துக் கடையின் டிஸ்க்கை அப்படித் திறந்து பார்த்தேன். 1996-ல் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தார்கள், யார் திருப்பித் தந்தார்கள் என்று எல்லாமே இருந்தது. கடைக்காரரின் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். பாதிப் பேரை அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த டிஸ்க் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போயிருந்தால் எடைக்குத்தான் விலை பேசியிருப்பார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலோ கடையின் பின்னறையிலோ அப்படி ஒரு கணினி இருந்தால், காயலான் கடைக்குப் போடும் முன் ஒரு முறை போட்டுப் பாருங்கள். எழவில்லை என்றால் ஃப்ரீடாஸ் ஃபிளாப்பியோ சி.டி.யோ கொண்டு எழுப்பிப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் டிஸ்க்கை மட்டும் கழற்றி, ஐ.டி.இ.-யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் ஒன்றில் மாட்டிப் புதுக் கணினியில் படியுங்கள். டி.பி.எஃப். ஃபைல்களை இரண்டு இடத்தில் நகலெடுங்கள்; பக்கத்தில் அதே பெயரில் எஃப்.பி.டி. அல்லது டி.பி.டி. ஃபைல் இருந்தால் அதையும் விடாதீர்கள், நீண்ட குறிப்புகள் அதில்தான் இருக்கும். புரோகிராம் எழுதியவர் இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்து, மூல நிரலைக் கேட்டு வாங்கி, அவர் பெயரோடு சேர்த்து வையுங்கள்.