பார்க்கப்படும் ஊர்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பொம்மையார்பாளையம் வெளியூர்க் கார்களால் நிறைந்துவிடும். படகோடு ஒரு படம், வலையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வடக்கே மரக்காணம் உப்பளத்திலும் இதே கதைதான். கண் கூசும் வெயிலில் உப்பு வாரும் பெண்கள் யாரோ ஒருவருடைய படத்துக்குப் பின்னணி ஆகிறார்கள்.

வருகிறவர்கள் ரசிக்கும் கரை, எங்களுக்குத் தேய்ந்துகொண்டே வரும் கரை. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் எழுந்தன. ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கே தேங்கிப்போக, வடக்கில் இருந்த எங்கள் குப்பங்களைக் கடல் அரிக்கத் தொடங்கியது. மணல்வெளி இல்லாமல் கரைவலை இழுக்க முடியாது. படகை ஏற்றி வைக்கவும் வலையை உலர்த்தவும் இடமில்லை. வருகிறவர்களில் இதை விசாரித்துவிட்டுப் போனவர்கள் குறைவு.

இந்த மனத்தாங்கலோடுதான் கொடைக்கானல் போனேன். ஏரிக்கரைக் கூட்டத்தை விட்டு விலகி, பூம்பாறை கிராமத்து வயல்களுக்குள் நடந்தேன். மேலே சாலையிலிருந்து பார்த்தால் பச்சைப் படிக்கட்டுகள். உள்ளே இறங்கினால்தான் தெரிகிறது, ஒவ்வொரு படியும் முதுகொடிய மண் அணைத்துக் கட்டியது. பெருமழையில் சரிந்தால் திரும்பக் கட்ட வேண்டியது. அங்கே விளையும் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அறுத்த பூண்டைப் புகை காட்டி வைப்பதால் நாள்பட்டாலும் கெடுவதில்லை.

பூண்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் விலை கேட்டேன். சொல்லிவிட்டு, "எந்த ஊருப்பா?" என்றார். சொன்னேன். "கடல் ஊருக்குள்ள வருதுன்னு டிவியில காட்டுறாங்களே, உங்க பக்கமுமா?"

அவருக்கு மண் சரிகிற கவலை, எனக்கு மண் கரைகிற கவலை. வெகுநேரம் பேசினோம். பார்க்கப் போனது நானாக இருக்கலாம். ஆனாலும் என்னை விசாரிக்க அவருக்கும் உரிமை உண்டு. அந்த விசாரிப்புக்கு நேரம் ஒதுக்காமல் போனால் ஊர்க்காரர்களும் நமக்கு மரமும் மலையும்போல ஆகிவிடுகிறார்கள்.

இப்படி விசாரித்துப் பழகுவது நமக்குப் புதிதல்ல. எங்கள் ஊர் மடத்துக்கும் மயிலம் மலைக்கோயிலுக்கும் பழைய உறவு. மாசி மகத்தன்று மயிலம் முருகன் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். மலையிலிருந்து வரும் சாமியைக் கரையோர மக்கள் எதிர்கொண்டு வரவேற்பார்கள். மலைக்கும் கரைக்கும் இடையே வருவதற்கும் வரவேற்பதற்கும் முறை வைத்திருந்தவர்கள் நாம்.

கொடைக்கானலுக்கும் அப்படி ஒரு முறை வேண்டும். அங்கே வரும் வாகனங்களுக்கு 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு நாளொன்றுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. இரண்டையும் மனமார வரவேற்கிறேன். 2018-இல் பூத்த குறிஞ்சி 2030-இல் மறுபடி பூக்க வேண்டும், அப்போது கூட்டம் அலைமோதும். எத்தனை பேரை அனுமதிக்கலாம், எந்த வழியில் நடக்க விடலாம் என்று முடிவெடுக்கும்போது பூம்பாறை விவசாயிகளையும் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும். எந்த வரப்பில் ஆள் நடந்தால் மண் சரியும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.