தளர்ந்த கயிறு

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் "இதுக்கு ஒரு சென்சார் வெச்சா போதுமே" என்று தோன்றிவிடும். பார்வையற்ற குழந்தைகள் தண்ணீரில் விளையாட என்ன கருவி செய்யலாம் என்று பேச்சு வந்தபோது ஒரு நண்பர் சொன்ன யோசனை, குளத்தின் மூலையில் விட்டுவிட்டு ஒலிக்கும் பஸ்ஸர். சத்தத்தை வைத்துப் பிள்ளை திசை அறிந்துகொள்ளுமாம்.

தலை மேலே இருக்கும்வரை சரி. முங்கிவிட்டால் இயற்பியல் ஒத்துழைப்பதில்லை. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. நீரில் ஏறக்குறைய 1,480. ஒரு சத்தம் இரண்டு காதுகளையும் எட்டும் நேர வித்தியாசத்தைக் கொண்டுதான் இடமா வலமா என்று மூளை முடிவு செய்கிறது. நீருக்குள் அந்த வித்தியாசம் காற்றில் இருப்பதில் கால் பங்குகூட இல்லை. சத்தம் எங்கிருந்தோ வருவதுபோல இருக்கும். தரையில் காதை நம்பி நடந்த பிள்ளைக்கு மிச்சமிருப்பது தொடுகை ஒன்றுதான்.

பாராலிம்பிக் நீச்சல் இந்தத் தொடுகையைத்தான் நம்புகிறது. எஸ்11 பிரிவினர் வெளிச்சம் புகாத கறுப்புக் கண்ணாடி அணிந்து நீந்துகிறார்கள். தடங்களைப் பிரிக்கும் மிதவைக் கயிறு கையில் உரசுவதை வைத்து நேராகப் போகிறார்கள். சுவர் நெருங்கும்போது, கரையில் நிற்கும் 'டேப்பர்' என்ற உதவியாளர், நுனியில் மெத்தென்ற பந்து வைத்த கோலால் ஒரு தட்டு தட்டுகிறார். அவ்வளவுதான். மற்ற தூரம் முழுக்க நீந்துகிறவருக்குச் சொந்தம்.

என்னை யோசிக்க வைப்பது இந்த 'மற்ற தூரம்'. இடம் வலமென்று அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு சட்டையை, பெற்றோரின் போனுக்கு நொடிக்கொரு தகவல் அனுப்பும் பட்டையை நம்மால் செய்ய முடியும். ஆனால் அதை மாட்டிய பிள்ளை விளையாடுகிறதா, ஓட்டிச் செல்லப்படுகிறதா? கருவி பிள்ளைக்கா, கரையில் நிற்கும் நம் பயத்துக்கா?

ராபர்ட் பெர்ஸ்கே என்ற அமெரிக்கர் 1972ல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பற்றி எழுதியபோது, ஆபத்தைச் சந்திப்பதிலும் கண்ணியம் இருக்கிறது என்று வாதிட்டார். அளவு மீறிய பாதுகாப்பு ஒருவரைச் சிறுமைப்படுத்துகிறது என்பது அவர் கட்சி. இதைச் சொன்னதும் மாடிவீட்டு அக்கா கேட்டார்: "கண்ணியமெல்லாம் சரிப்பா, முங்கிட்டா யாரு பதில் சொல்றது?"

தள்ளிவிட முடியாத கேள்வி. ஆபத்தை எடை போட்டுத் தேர்ந்தெடுக்கும் வயது ஆறு வயதுப் பிள்ளைக்கு இல்லை. ஆழம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்க்கவும் வழியில்லை. ஆகவே காப்பதா விடுவதா என்று கேட்பதைவிட, காவல் எந்த நேரத்தில் கைநீட்ட வேண்டும் என்று கேட்பது உபயோகமானது.

கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது தெரியும். முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, மேலே கயிற்றின் மறுமுனையில் அப்பாவோ மாமாவோ. கயிறு விறைத்தால் பிள்ளை தொங்குகிறது, தளர்ந்தால்தான் நீந்துகிறது. பிடித்திருப்பவருக்கு இழுப்பதைவிட இழுக்காமல் இருப்பதுதான் கஷ்டம். அவர் அங்கிருந்து நகர்வதும் இல்லை. அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்தப் பொறுப்பை எந்தக் கருவியும் வாங்கிக்கொள்ளாது.

எனக்குக் கருவி செய்யும் வேலை வந்தால் எல்லையிலிருந்து தொடங்குவேன். ஆழம் தொடங்கும் இடத்தில் கைக்குத் தட்டுப்படும் முடிச்சுக் கயிறு, உள்ளே மணி குலுங்கும் பந்து, எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரு பெரியவர். எல்லைக்குள் இருக்கும்வரை எதுவும் அதிரக் கூடாது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை (2006) தன் 30ஆம் பிரிவில், இந்தக் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாட வேண்டும் என்கிறது. மற்றப் பிள்ளைகள் நீச்சல் பழகும்போது குடிக்கும் இரண்டு மடக்குத் தண்ணீரும் அந்தச் சமத்தில் சேர்த்தி என்றே நான் வாசிக்கிறேன்.