கடன் வாங்கி விருந்து வைக்கலாமா?



கடன் வாங்கி விருந்து வைப்பது தப்பு. போன மே மாதம் வரைக்கும் இதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. பொறியியல் படிக்கிறவன் புத்தி அப்படித்தான். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, செலவு மிஞ்சினால் எங்கேயோ கோளாறு. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்காக எங்கம்மா வளையலை அடகுக்கடைக்குக் கொண்டுபோவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். "யாருக்காகம்மா இதெல்லாம்?" என்று சண்டையே போட்டிருக்கிறேன்.

ஒரு செமஸ்டர் மாணவர் பரிமாற்றத்தில் மணிலா போயிருந்தேன். அங்கே என்னோடு ஒரே புரோஜெக்டில் இருந்த நண்பனுக்கு ஊர் லுக்பான். கெசோன் மாகாணத்தில், பனாஹாவ் மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர். பிலிப்பீன்ஸில் ஊருக்கு ஊர் புனிதர் திருநாள் உண்டு. லுக்பானில் மே 15, சான் இசிட்ரோ திருநாள். "ஊருக்கு வாடா, சாப்பாடு எப்படி இருக்குன்னு பாரு" என்று கூப்பிட்டான். போனேன்.

இந்த சான் இசிட்ரோ அரசரும் இல்லை, பெரிய பண்டிதரும் இல்லை. ஸ்பெயினில் மட்ரிட் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுத விவசாயி. 1622இல்தான் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அவர் பிரார்த்தனையில் இருந்தபோது தேவதூதர்கள் ஏர் ஓட்டினார்கள் என்று ஒரு கதை. அவர் மனைவியும் புனிதர்தான். ஏழைகள் வந்தால் போடுவதற்கென்று எப்போதும் ஒரு பானையை அடுப்பில் வைத்திருப்பாராம். ஒரு நாள் பானை காலியான பிறகும் ஒருவர் பசியோடு வந்து நிற்க, அம்மையார் திரும்பிப் பார்த்தால் பானை நிறைந்திருந்ததாம். நம்ம ஆள்களுக்கு இந்தக் கதை புதுசா என்ன?

விழாவுக்கு பஹியாஸ் என்று பெயர். நம்ம பொங்கல் மாதிரி, விளைச்சலுக்கு நன்றி சொல்வது. ஊர்வலம் போகிற தெருவில் வீட்டு முகப்பு முழுக்க நெற்கதிர், கத்திரிக்காய், பாகற்காய், வாழைத்தார் என்று கட்டித் தொங்கவிடுகிறார்கள். கீப்பிங் என்று ஒன்று செய்கிறார்கள். அரிசி மாவை இலையில் தடவி, அவித்து, உரித்துக் காயவைத்தால் இலை வடிவத்திலேயே அப்பளம் மாதிரி வரும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சாயம் போட்டுச் சரம் சரமாகக் கோத்துவிடுவார்கள். வெயில் அதன் வழியாக வீட்டுக்குள் விழும்போது பார்க்கணும்!

ஊர்வலப் பாதை ஆண்டுதோறும் மாறும். அதனால் ஒரு தெருவுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் முறை வரும். அந்த ஆண்டு நண்பன் வீட்டுத் தெருவின் முறை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அவன் பாட்டிதான் எல்லாம். லோலா என்பார்கள். பெரியவர்கள் கையைப் பிடித்து நம் நெற்றியில் ஒற்றிக்கொள்வது அங்கே வழக்கம், 'மானோ போ' என்று சொல்லிக்கொண்டே. அந்தப் 'போ' நம்ம 'ங்க' மாதிரி மரியாதைக்கு. நான் ஒற்றிக்கொண்டதும் பாட்டி முகம் மலர்ந்தது. ஆனால் அவர் பின்னால் நின்ற பொடியன் என்னைப் பார்த்து ஓடி ஒளிந்தான். "பம்பாய், பம்பாய்" என்று உள்ளேயிருந்து குரல். அங்கே இந்தியர் என்றாலே பம்பாய்தான். அடம் பிடிக்கிற பிள்ளையை "பம்பாய் வந்து பிடிச்சிட்டுப் போயிடுவான்" என்று மிரட்டுவார்களாம். நானும் சிரித்துவிட்டேன். அது ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

சாப்பாடு காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. பன்சித் ஹப்ஹப் என்று ஒரு மீ. வாழையிலையில் வைத்துத் தருவார்கள், கரண்டியும் இல்லை, கையும் கூடாது, இலையை வாய்க்குத் தூக்கி அப்படியே சாப்பிட வேண்டும். என் சட்டை கெட்டது. பூண்டு மணக்கிற லொங்கனீசா, முழுப் பன்றி லெச்சோன் என்று மேசை நிறைந்திருந்தது. நான் கோழி, ஆட்டைத் தாண்டாதவன். பாட்டி ஒன்றும் கேட்காமலே எனக்கு மீனும், தேங்காய்ப் பாலில் வெந்த சுமானும் தனியாக எடுத்து வைத்திருந்தார். நண்பன் முன்னாடியே சொல்லியிருக்கிறான்.

என்னை ஆச்சரியப்படுத்தியது கதவுதான். அது மூடவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், ஜீப்னி ஓட்டுநர், மணிலாவிலிருந்து படம் பிடிக்க வந்தவர்கள், யாரென்றே தெரியாதவர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். பாட்டி எல்லாரையும் பார்த்துச் சொன்னது ஒரே வார்த்தைதான்: சாப்பிடலாம் வாங்க. போகும்போது கையில் ஒரு பொட்டலம் வேறு. நூறு பேர் வரைக்கும் எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.

நடுவில் நண்பனின் அக்கா வீடியோ காலில் வந்தார். அக்காவை அங்கே 'ஆத்தே' என்கிறார்கள், நம்ம காதுக்கு அத்தை மாதிரி கேட்கும். ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை. முதலாளி வீட்டு அடுப்படியிலிருந்து ஐந்து நிமிடம் பேசினார். போனை மேசை முழுக்கக் காட்டச் சொன்னார். என்னிடம், "சாப்பிட்டியா? நல்லா இருக்கா?" என்று கேட்டார். நல்லா இருக்கு ஆத்தே என்றேன்.

அன்று இரவு பின்கட்டில் நானும் நண்பனும் சட்டி கழுவிக்கொண்டிருந்தோம். "எவ்வளவுடா ஆச்சு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அக்கா அனுப்பிய பணம் பத்தவில்லையாம். பாட்டி 10,000 பெசோ ஐந்து-ஆறில் வாங்கியிருக்கிறாராம்.

ஐந்து-ஆறு என்றால் ஐந்து வாங்கி ஆறு திருப்புவது. 10,000க்கு 12,000, அதுவும் கொஞ்ச நாளைக்குள். நம்ம ஊர் ஆலோங் கணக்குதான். கொடுக்கிறவர்களில் நிறைய பேர் பஞ்சாபிலிருந்து போன இந்தியர்கள், மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக வந்து வசூலிப்பார்கள். 2017இல் அந்நாட்டு அரசாங்கம் இதை ஒழிக்கவென்றே சிறு வியாபாரிகளுக்குக் குறைந்த வட்டிக் கடன் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அந்தப் பொடியன் ஏன் ஓடி ஒளிந்தான் என்று அப்போதுதான் புரிந்தது. அடுத்த வாரம் இந்த வாசலில் வந்து நிற்கப்போகிறவர் என் ஜாடையில் இருப்பார்.

"ஆத்தேக்குத் தெரியுமா?" என்றேன். தெரியாது என்றான். அடைக்கப்போவது யார்? அதுவும் ஆத்தேதான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. சாப்பிட்டதெல்லாம் வயிற்றில் கல்லாக இருந்தது.

இந்த வாதம் அந்த நாட்டுக்குப் பழசு. ஹோசே ரிசால் 1887இல் வெளியிட்ட நாவலிலேயே, திருவிழாவுக்கு எப்படிச் செலவு செய்வது என்று ஊர்க்காரர்கள் கூடிப் பேசுகிறார்கள், கடைசியில் பாதிரியார் விரும்பியதே நடக்கிறது. நமக்கும் பழசுதான். திருவள்ளுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். 480ஆம் குறளில், கையிருப்பை எண்ணிப் பார்க்காமல் ஒப்புரவு செய்கிறவன் சீக்கிரம் கெட்டுப்போவான் என்கிறார். 220ஆம் குறளிலோ, ஒப்புரவால் கேடு வரும் என்றால் தன்னை விற்றாவது அந்தக் கேட்டை வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். இரண்டிலும் அதே ஒப்புரவு. வலியறிதல் அரசனுக்கு, ஒப்புரவறிதல் இல்லறத்தானுக்கு என்று எங்கள் வகுப்பு ஆசிரியர் பிரித்துச் சொல்வார். அது பரீட்சைக்குச் சரி. பாட்டியின் 10,000 பெசோவுக்கு எந்தக் குறள்?

இளையான்குடி மாற நாயனாரும் விவசாயிதான். அடியார்களுக்குச் சோறு போட்டே சொத்தை இழந்தவர். ராத்திரி மழையில் அடியார் ஒருவர் வந்து நிற்க, அன்று பகலில் விதைத்த நெல்லையே வாரிக்கொண்டு வந்து சமைக்கிறார்கள், கூரை வரிச்சுதான் விறகு. அந்த நெல்லை வாரிவரலாம் என்று யோசனை சொன்னது யார் தெரியுமா? அவர் மனைவி. அக்கம்பக்கத்தில் இனி யாரும் கடன் தரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, விதைநெல்லைக் கைகாட்டியவரும் அந்த அம்மாதான். பட்டினி கிடக்கப்போகிறவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் சேர்ந்தே முடிவெடுத்தார்கள். 220ஆம் குறளிலும் ஒருவன் விற்பது தன்னைத்தான், தங்கச்சியையோ பேத்தியையோ இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்கு உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். கடன் வாங்கியது உறுத்தவில்லை. கேடு யார் தலையில் விழுகிறதோ அந்த ஆள் அந்த மேசையிலும் இல்லை, அந்தப் பேச்சிலும் இல்லை.

மறுநாள் காலை நண்பனை மொழிபெயர்க்கச் சொல்லி, பாட்டியிடமே கேட்டுவிட்டேன். விருந்தாளி கேட்கக்கூடாத கேள்விதான். அவர் கோபப்படவில்லை. தாத்தா இறந்தபோது ஒன்பது நாள் ஜெபம் நடந்ததாம், நம்ம கருமாதி வரைக்கும் நடப்பது மாதிரி. அந்த ஒன்பது நாளும் இந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை, தெருவே சோறு போட்டதாம். "அதுவும் கடன்தானே. நம்ம தெருவுக்கு முறை வந்த ஆண்டு கதவைச் சாத்திக்கச் சொல்றியா?" உத்தாங் நா லோஓப் என்று ஒரு சொல் சொன்னார். 'உத்தாங்' கடன், 'லோஓப்' உள்ளே இருப்பது. மனசுக்குள் இருக்கிற கடன். நாமும் நன்றியோடு கடனைச் சேர்த்துத்தானே நன்றிக்கடன் என்கிறோம்.

என்னிடம் பதில் இல்லை. வட்டிக் கணக்கு எனக்குத் தெரியும், இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனாலும் ஆத்தே விஷயத்தில் என் மனசு மாறவில்லை. ஊருக்குப் பட்ட கடன் பாட்டியுடையது, அதை அடைக்க ஹாங்காங்கில் இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பஸ் ஏறும்போது நண்பனிடம் அதை மட்டும் சொன்னேன். "நீ எப்படியும் சொல்லிடு. அவங்க காசு, அவங்களுக்குத் தெரியணும்."

வரும்போது அரிசிப் பானைக்கு அடியில் 2,000 பெசோ வைத்துவிட்டு வந்தேன். மணிலா வந்து பையைத் திறந்தால், பாட்டி கட்டிக்கொடுத்த சுமான் பொட்டலத்துக்குள் அதே நோட்டுகள். எனக்கு முகம் சுட்டது. நூறு பேர் சாப்பிட்ட மேசைக்கு நான் மட்டும் பில் கட்டப் பார்த்திருக்கிறேன்.

நண்பன் இரண்டு வாரம் கழித்துத்தான் ஆத்தேயிடம் சொன்னான். மூன்று நாள் அவர் வீட்டுக்குப் பேசவில்லையாம். நாலாம் நாள் பணம் வந்தது. கூடவே பாட்டிக்கு ஒரு குரல் செய்தி. அதில் வசவு கொஞ்சம், அழுகை கொஞ்சம், "கதவைச் சாத்தச் சொல்ல மாட்டேன், ஆனா எனக்குச் சொல்லிட்டுச் செய்யுங்க" என்பது கடைசியில்.

செமஸ்டர் முடிந்து வீட்டுக்கு வந்தேன். இந்தத் தீபாவளிக்கும் அம்மா வளையலை எடுத்துவைத்தார். நான் வழக்கமாக வாய் திறக்கிற இடம். அப்போதுதான் ஒன்று தோன்றியது: ஒவ்வொரு முறையும் அந்த வளையலை மீட்டுக்கொண்டு வருவது யார்? எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டேன். அண்ணனாம். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்டுவிட்டு லோரி ஓட்டுகிற எங்கண்ணன். இத்தனை ஆண்டு சண்டை போட்ட நான் அவரிடம் ஒரு தடவைகூட இதைப் பற்றிப் பேசியதில்லை.

அன்று ராத்திரி அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அண்ணே, அம்மா உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வளையலை வைக்கிறாங்களா?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்பத்தான் கேட்கிறியா?" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "எந்தத் தீபாவளிக்கு நீ சாப்பிடாம இருந்த, சொல்லு பார்ப்போம்" என்று என் தட்டை என் பக்கம் தள்ளினார்.