உயிரற்றதும் உயிருள்ளோர் கடமையும்

புரட்டாசியில் விதைத்த உளுந்து, ஐப்பசி மழையில் தழைத்து நிற்கும் வேளையில், கயத்தாற்றுக் கரிசல் புஞ்சைகளில் ஓரிரு செடிகளின் இளம் இலைகளில் மஞ்சள் புள்ளிகள் தோன்றுவதுண்டு. நாளடைவில் இலை முழுதும் மஞ்சளாகும், காய் சிறுத்துவிடும். உழவர் 'மஞ்சள் தேமல்' என்று அறிந்த இந்நோயைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது வெள்ளை ஈ. உண்டாக்குவதோ ஒரு வைரஸ்.

இந்த வைரஸ் உயிருள்ளதா? காசநோயைத் தரும் பாக்டீரியா உண்கிறது, கழிக்கிறது, வளர்ந்து இரண்டாகப் பிரிகிறது. ஆகவே அது உயிரே. பூஞ்சையும் அவ்வாறே. வைரஸோ உண்பதில்லை, வளர்வதில்லை. அது புரத உறைக்குள் பொதிந்த மரபுச் செய்தி. செடியின் உயிரணுவுக்குள் புகுந்த பின்னரே, அவ்வணுவின் கருவிகளைக் கொண்டு தன் படிகளைச் செய்வித்துக்கொள்கிறது. 1935இல் வெண்டல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸை உப்பைப் போலப் படிகமாக்கினார். படிகமான பின்னும் அது நோய் தரும் ஆற்றலை இழக்கவில்லை.

இன்னும் கீழே படிகள் உண்டு. உருளைக்கிழங்கு நோயொன்றை ஆராய்ந்த தியடோர் டீனர், 1971இல் உறையுமற்ற வெறும் ஆர்.என்.ஏ. துணுக்கே அதற்குக் காரணமென்று கண்டு, அதனை 'வைராய்டு' என்றார். 1982இல் ஸ்டான்லி புரூசினர் 'பிரியான்' என்று பெயரிட்டதில் மரபுச் செய்தியும் இல்லை. மடிப்புக் கெட்ட அப்புரதம், நல்ல புரதத்தையும் தன்னைப்போல் கெடுக்கிறது. அதனால் வரும் மூளை நோயைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

இப்படிகளில் இறங்க இறங்க உயிரின் அடையாளங்கள் குறைகின்றன; கேடு மட்டும் குறையவில்லை. கெடுப்பதற்கு உயிரும் வேண்டியதில்லை, எண்ணமும் வேண்டியதில்லை என்பதை இதிலிருந்து நாம் உணர்கிறோம். ஆகவே நோய்க்கிருமியைப் பகைவனென்று சபிப்பதில் பொருளில்லை. நோயுற்றவர் வீட்டைப் பார்த்து 'என்ன பாவம் செய்தார்களோ' என்று கேட்பதிலும் நியாயமில்லை. பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் குறித்துச் சீடர்கள் அவ்வாறு கேட்டபோது, ஆண்டவர் அந்தப் பழியை மறுத்தார் என்பதை நாம் அறிவோம்.

அப்படியானால் எவர்க்கும் பொறுப்பில்லையா? உண்டு. கேட்டுக்கு உயிர் தேவையில்லை. அதைத் தடுப்பதற்கோ உயிரும் அறிவும் மனமும் தேவை. முதல் மஞ்சள் செடியைக் கண்டவுடன் பிடுங்கி அழித்து, வரப்பிலுள்ள களையையும் நீக்குபவர் தம் புஞ்சையோடு அடுத்தவர் புஞ்சையையும் காக்கிறார். 'நாலு காயாவது தேறட்டும்' என்று விட்டுவைத்தால், அச்செடியிலிருந்து வெள்ளை ஈ வரப்பைத் தாண்டும். வைரஸுக்கு அயலான் என்று எவருமில்லை, நமக்கு இருக்கிறார்.